விரலை எண்ணுங்க, இறகைத் தடவுங்க! - ஆம்பூர் மொட்டைமாடியில் ஒரு சில்கி கோழிப் பாடம்

ஆம்பூர் என்றதும் ஆளாளுக்குக் கேட்கிற முதல் கேள்வி, "எந்தக் கடை பிரியாணி நல்லா இருக்கும்?" என்பதுதான். சொந்த ஊர் என்பதால் எனக்கு அது பழகிவிட்டது. ஆனால், என் பெரியம்மா வீட்டு மொட்டைமாடியில் நின்றுகொண்டு மட்டும் பிரியாணிப் பேச்சை எடுக்கக் கூடாது. அங்கே தலையில் பஞ்சுமிட்டாய் வைத்த மாதிரி, உடம்பெல்லாம் பூனைக்குட்டி ரோமத்தோடு மூன்று கோழிகள் உலாவிக்கொண்டிருக்கும். அவற்றின் பெயர் சில்கி. பட்டு மாதிரி இருப்பதால் அந்தப் பெயர்.

பெரியம்மா ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருக்கிறார். பெரியப்பா முப்பது வருஷம் டேனரியில் தோல் தரம் பிரித்தவர். போன தீபாவளிக்கு முந்தின தீபாவளி போனஸில், மொபைலில் ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு, 'ஒரிஜினல் சில்கி, ஆண் பெண் ஜோடி' என்று 1,500 ரூபாய் அனுப்பினார் பெரியம்மா. பஸ் பார்சலில் அட்டைப் பெட்டி வந்தது. உள்ளே இரண்டு குஞ்சுகள். புசுபுசுவென்று இருந்தன. காலில் ஐந்து விரல்கூட இருந்தது.

ஒரு மாதம் போனது. புசுபுசு உதிர்ந்து, வழவழவென்று சாதாரண இறகு முளைத்தது. "இன்னாடா கண்ணு இது, பூனைக்குட்டிய வாங்கினா காக்கா வந்து நிக்குது!" என்று எனக்கு போன் செய்தார் பெரியம்மா. ஐந்தாவது மாதம் இரண்டும் சேர்ந்து கூவின. ஜோடி என்று வந்ததில் இரண்டுமே சேவல்!

பெரியப்பா அப்போது சொன்னது ஒன்றே ஒன்றுதான். "தோலை வீடியோல பாத்து எவனாவது வாங்குவானா? கையில புடிச்சிப் பாக்கணும்."

அன்றைக்கு ஆரம்பித்தது எங்கள் வீட்டு சில்கி ஆராய்ச்சி. நீங்களும் இந்தக் கோழியை வாங்கும் ஆசையில் இருந்தால், பணம் அனுப்புவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

முயலுக்கும் கோழிக்கும் பிறந்ததா?

சில்கியின் பூர்வீகம் ஆசியா. பெரும்பாலும் சீனா என்கிறார்கள். 13-ம் நூற்றாண்டின் கடைசியில் சீனாவில் சுற்றிய மார்கோ போலோ, பூனையைப் போல ரோமம் உள்ள கறுப்புக் கோழிகளைப் பற்றித் தன் பயணக் குறிப்பில் சொல்லியிருக்கிறார். அந்தக் காலத்தில் படித்தவர்கள் பலரும் அதை நம்பியிருக்க மாட்டார்கள். பிறகு ஐரோப்பாவுக்கு இந்தக் கோழி வந்தபோது, 'முயலுக்கும் கோழிக்கும் பிறந்தது' என்று கதை கட்டி விற்றவர்களும் இருந்தார்களாம். ஆக, சில்கியை வைத்து ஏமாற்றுவது இன்று நேற்று வந்த தொழில் இல்லை!

அமெரிக்காவில் கண்காட்சிக் கோழிகளுக்கான தர விதிப் புத்தகம் 1874-ல் வந்தபோதே அதில் சில்கிக்கு இடம் கிடைத்துவிட்டது. அங்கே இதைக் குட்டை ரகமாகக் கணக்கில் வைத்திருக்கிறார்கள். சேவல் சுமார் ஒரு கிலோ, கோழி 900 கிராம். பிரிட்டனில் கொஞ்சம் பெரிதாக வளர்ப்பார்கள். சேவல் 1.8 கிலோ வரை இருக்கும்.

தோல், எலும்பு, சதை எல்லாமே கறுப்பு. இது நமக்குப் புதிதல்ல. நம் ஊரில் 'கருங்கோழி' என்று விற்கும் கடக்நாத்தும் இப்படித்தான். மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா பகுதிக்குச் சொந்தமான அந்தக் கோழிக்கு 2018-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. இரண்டுக்கும் கறுப்பைக் கொடுப்பது ஒரே மாதிரியான மரபணு மாற்றம். அந்த விதத்தில் சில்கியும் கடக்நாத்தும் பங்காளிகள்.

குஞ்சைப் பார்த்து ஏன் ஏமாறுகிறோம்?

சாதாரணக் கோழி இறகை உருப்பெருக்கியில் பார்த்தால், நரம்புக்கு நரம்பு நுண்ணிய கொக்கிகள் மாட்டியிருக்கும். ஜிப் மாதிரி. அதனால்தான் இறகு தட்டையாக, ஒட்டியபடி நிற்கிறது. சில்கிக்கு இந்தக் கொக்கி சரியாக இருக்காது. ஜிப் பிய்ந்துபோன துணி போல இழை இழையாகப் பிரிந்து பஞ்சாகிவிடும். இதற்குக் காரணமான மரபணு மாற்றத்தை 2014-ல் விஞ்ஞானிகள் அடையாளம் கண்டார்கள்.

இந்தப் பஞ்சு இறகு, அப்பா அம்மா இரண்டு பக்கமிருந்தும் வந்தால்தான் வெளியே தெரியும். ஒரு பக்கம் மட்டும் வந்தால் ஒளிந்துகொள்ளும். அதாவது, சில்கி சேவலையும் நாட்டுக்கோழியையும் சேர்த்தால் பிறக்கிற எல்லாக் குஞ்சுக்கும் வழவழ இறகுதான். அந்தக் கலப்பினக் குஞ்சுகளையே வளர்த்து ஒன்றோடு ஒன்று சேர்த்தால், சராசரியாக நாலில் ஒன்றுக்கு மட்டும் பஞ்சு இறகு வரும்.

ஆனால், ஐந்து விரல், தலைக் கொண்டைப் பூ, காலில் இறகு ஆகியவை அப்படி இல்லை. ஒரு பக்கமிருந்து வந்தாலே பெரும்பாலும் வெளியே தெரிந்துவிடும். கறுப்புத் தோலும் ஓரளவுக்கு வந்துவிடலாம். இதுதான் பெரியம்மா விஷயத்தில் நடந்தது. கலப்பினக் குஞ்சுக்கு ஐந்து விரல் இருக்கும், கறுப்பாக இருக்கும். எந்தக் கோழிக்குஞ்சும் பிறந்த புதிதில் புசுபுசுவென்றுதான் இருக்கும். மூன்று நான்கு வாரம் கழித்து இறகு முளைக்கும்போதுதான் வேஷம் கலையும். அதற்குள் விற்றவர் நம்பரை மாற்றியிருப்பார்.

'ஜோடி' என்ற வார்த்தையும் அப்படித்தான். சில்கியில் ஆண், பெண் கண்டுபிடிப்பது ரொம்பவே கஷ்டம். நாலைந்து மாதம், சில சமயம் அதற்கும் மேலே ஆகும். சேவலுக்குக் கொண்டைப் பூவில் சில இழைகள் நீண்டு பின்பக்கம் ஓடும். கோழிக்கு அது பந்து மாதிரி உருண்டையாக நிற்கும். பத்து நாள் குஞ்சைக் காட்டி 'இது ஆண், இது பெண்' என்று அடித்துச் சொல்கிறவரிடம் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள்.

நடுவர் எதைப் பார்ப்பார்?

வெளிநாட்டுக் கண்காட்சிகளில் நடுவர் முதலில் கூண்டுக்கு வெளியே நின்று பார்ப்பார். பிறகு கோழியைக் கையில் எடுத்துப் பார்ப்பார். நாம் வாங்கும்போதும் அதே வரிசையில் பார்க்கலாம்.

உருவம்: தூரத்தில் இருந்து பார்த்தால் உருண்டையாகத் தெரிய வேண்டும். முதுகு குட்டையாக இருந்து, வால் பக்கம் மெத்தை போல எழும்ப வேண்டும். நெஞ்சு நிறைந்திருக்க வேண்டும். ஒல்லியாக, நெட்டையாக நின்றால் அழகு போச்சு.

தலை: பூ நிறைந்திருக்க வேண்டும். அதற்காகக் கண்ணை முழுக்க மூடிவிடவும் கூடாது. சதைக் கொண்டை, ரம்பப் பல் மாதிரி நிமிர்ந்து நிற்கக் கூடாது. வால்நட் கொட்டை மாதிரி முண்டும் முடிச்சுமாக, நாவல்பழ நிறத்தில் படிந்திருக்க வேண்டும். நாட்டுச் சேவல் மாதிரி பளிச்சென்ற சிவப்பு வந்தால் அமெரிக்க விதிப்படி போட்டியிலிருந்து வெளியே அனுப்பிவிடுவார்கள். காது மடல் மயில்நீலத்தில் இருந்தால் கூடுதல் சந்தோஷம்.

இறகு: கையை விட்டுத் தடவினால் பஞ்சில் கை புதைய வேண்டும். இறக்கையின் பெரிய இறகுகளிலும் வாலிலும் மட்டும் கொஞ்சம் விறைப்பு இருக்கலாம். இறக்கையை விரித்துப் பார்ப்பதும் முக்கியம். நடுவே இறகு இல்லாமல் இடைவெளி விழுந்திருந்தால் அது பரம்பரைக் குறை. அதை இனப்பெருக்கத்துக்கு வைக்கக் கூடாது.

கால்: ஒவ்வொரு காலிலும் ஐந்து விரல். ஐந்தாவது விரல் நாலாவதோடு ஒட்டாமல், தரையைத் தொடாமல், மேல் நோக்கி வளைந்திருக்க வேண்டும். கால் வெளிப்பக்கத்தில் இறகு வேண்டும். ஆனால், முழங்கால் மூட்டிலிருந்து பின்பக்கமாகக் கழுகு போல விறைத்த இறகு நீட்டிக்கொண்டிருந்தால் அதுவும் தள்ளுபடி.

பெரியப்பா இந்தப் பட்டியலைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். டேனரியிலும் தோலை முதலில் விரித்துப் போட்டு தூரத்திலிருந்து பார்ப்பார்களாம். பிறகு கட்டைவிரலால் தடவி, ஓரத்தில் மடக்கி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து ரகம் பிரிப்பார்களாம். "கண்ணு ஏமாத்தும்பா, கை ஏமாத்தாது" என்றார்.

இரண்டாவது முறை அவரே பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு போனார். வளர்ப்பவர் வீட்டுக்கே போய், வளர்ந்த கோழிகளையே கையில் எடுத்துப் பார்த்து, ஒரு வெள்ளைச் சேவலும் இரண்டு கோழிகளும் வாங்கி வந்தார்கள்.

சண்டை போய் அழகு வந்தது

கோழிக்கு அழகுப் போட்டியா என்று சிரிக்காதீர்கள். பிரிட்டனில் சேவல் சண்டைக்கு 1835-ல் தடை வந்தது. பத்தே வருஷத்தில், 1845-ல், லண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் கோழிக் கண்காட்சி நடந்தது. களத்தில் மோத விட்டவர்கள் கூண்டில் நிறுத்தி அழகு பார்க்க ஆரம்பித்தார்கள். 1865-ல் தர விதிகளுக்கென்று புத்தகமே வந்துவிட்டது.

நம் தமிழ்நாட்டிலும் ஏறக்குறைய இதே கதை உண்டு. சண்டைச் சேவல் வம்சத்திலிருந்து அழகுக்காகவே தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்டதுதான் கிளிமூக்கு விசிறிவால் சேவல். கிளி மாதிரி வளைந்த குட்டை மூக்கு, தரையைத் தொடும் நீண்ட வால், நிமிர்ந்த உயரம். திண்டுக்கல் உட்பட பல மாவட்டங்களில் இதற்குக் கண்காட்சி நடக்கிறது. மூக்கு, வால், நிறம், உடற்கட்டு என்று பார்த்துப் பரிசு கொடுக்கிறார்கள். காகம், கீரி, மயில், நூலான் என்று நிறத்துக்கு நம் ஆட்கள் வைத்திருக்கும் பெயர்களே அழகு! விலங்குகளை மோத விடுவது 1960-ம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். கண்காட்சியில் அந்த வம்பு இல்லை, சேவலுக்கும் காயம் இல்லை.

சில்கி வளர்க்க விரும்புகிறவர்கள் ஒருமுறையாவது கிளிமூக்கு வளர்ப்பவரோடு பேசிப் பாருங்கள். 'எதை வளர்ப்பது' என்பதைவிட 'எதை இனத்துக்கு வைக்காமல் ஒதுக்குவது' என்பதில்தான் அவர்கள் கவனம் இருக்கும். சில்கிக்கும் அதுதான் பாடம்.

ஜோடி சேர்க்கும் கணக்கு

எல்லாம் நிறைந்த கோழி உலகத்தில் கிடையாது. சேவலுக்குப் பூ குறைவு என்றால், பூ நிறைந்த கோழியோடு சேர்க்க வேண்டும். ஒரே குறை இரண்டு பக்கமும் இருந்தால் குஞ்சுகளில் அந்தக் குறை ஊன்றிவிடும். கூடப்பிறந்ததுகளையே தலைமுறை தலைமுறையாகச் சேர்த்தால் முட்டை பொரிவது குறைந்து, குஞ்சுகள் நோஞ்சானாகும். எந்தக் குஞ்சு எந்த ஜோடிக்குப் பிறந்தது என்று காலில் நிற வளையம் மாட்டி, ஒரு நோட்டில் எழுதி வைப்பது நல்லது.

நிறத்தில் ஒரு சுவையான கணக்கு இருக்கிறது. சில்கியில் 'நீலம்' என்பது உண்மையில் சிலேட்டு நிறம். நீலத்தையும் நீலத்தையும் சேர்த்தால் எல்லாம் நீலமாக வராது. சராசரியாகப் பாதி நீலம், கால் பங்கு கறுப்பு, மீதிக் கால் பங்கு வெளுப்பில் திட்டுத் திட்டாக இருக்கும் 'ஸ்பிளாஷ்' வரும். கறுப்பையும் ஸ்பிளாஷையும் சேர்த்தால்தான் எல்லாக் குஞ்சும் நீலமாகும்!

இன்னொரு சின்ன விஷயம். பஞ்சு அடர்ந்திருப்பதால் கோழிகள் சேர்வதற்கே தடை வரும். இனப்பெருக்கக் காலத்தில் பின்பக்க ரோமத்தையும், கண்ணை மறைக்கும் பூவையும் கொஞ்சம் கத்தரித்து விடுவார்கள். அப்படிச் செய்யாமல் 'முட்டை ஏன் கூமுட்டையாகவே போகுது?' என்று புலம்புகிறவர்கள் நிறைய.

அடை காப்பதில் சில்கியை மிஞ்ச ஆள் இல்லை. வருஷத்துக்கு நூறு முட்டை சொச்சம்தான் வைக்கும். நடு நடுவே அடை உட்கார்ந்துகொள்ளும். தன் முட்டை, நாட்டு முட்டை, வாத்து முட்டை என்ற பேதம் எதுவும் கிடையாது. கோழி முட்டை என்றால் 21 நாள் தவம்தான். உணவு, தண்ணீருக்குக்கூட எழுந்திருக்காமல் கிடக்கும் என்பதால், தினமும் ஒருமுறை நாமே தூக்கிவிட்டுச் சாப்பிட வைக்க வேண்டியிருக்கும்.

ராணிக்கெட்டும் ராணிப்பேட்டையும்

புதுக்கோழிகள் வந்து, முதல் ஈட்டில் ஏழு குஞ்சு பொரிந்தது. பெரியம்மாவுக்கு ஒரே சந்தோஷம். தடுப்பு மருந்து போடச் சொன்னேன். "நாட்டுக்கோழிக்கு எல்லாம் எப்பப்பா போட்டோம்?" என்றார். பக்கத்துத் தெருவில் கோழிகள் தலையைத் தொங்கப் போட ஆரம்பித்த நாலாவது நாள், இங்கேயும் பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல். ஒரு வாரத்துக்குள் ஏழும் போயின. பெரிய கோழிகள் ஏற்கெனவே மருந்து போட்டிருந்ததால் தப்பித்தன. பெரியம்மா இரண்டு நாள் மாடிப்பக்கமே போகவில்லை.

அந்த வெள்ளைக் கழிச்சல் நோய்க்குப் பெயர் ராணிக்கெட். நம் பக்கத்தில் பலர் இது ராணிப்பேட்டையில் வந்த நோய் என்று நினைக்கிறார்கள். இல்லை. 1920-களின் பிற்பகுதியில் இமயமலைப் பகுதியில் இருக்கும் ராணிக்கெட் ஊரில் கண்டறியப்பட்டதால் வந்த பெயர் அது. ராணிப்பேட்டைக்கு இதில் இருக்கும் தொடர்பு நல்ல தொடர்பு! 1932 முதல் அங்கே இயங்கும் கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிறுவனம், இந்த நோய்க்கான தடுப்பூசியைத் தயாரிக்கிறது. ஆம்பூரிலிருந்து பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடும் தூரத்தில் மருந்து தயாராகிறது, நாமோ போடாமல் விட்டுவிட்டோம்.

முறை இதுதான். குஞ்சு பொரித்த முதல் வாரத்தில் கண்ணில் அல்லது மூக்கில் ஒரு சொட்டு. நாலாவது வாரத்தில் மறுபடி. எட்டு வாரத்தில் இறக்கைக்கு அடியில் ஊசி. மருந்தை ஐஸ் வைத்த பிளாஸ்க்கில்தான் கொண்டுவர வேண்டும். கரைத்த மருந்தை ஓரிரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். ஏற்கெனவே சோர்ந்திருக்கும் கோழிக்குப் போடக் கூடாது. கால்நடைப் பராமரிப்புத் துறை பிப்ரவரியில் நடத்தும் இருவாரக் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாமில் இலவசமாகவே போடுகிறார்கள். உங்கள் ஊர் கால்நடை மருந்தகத்தில் தேதி கேட்டு வையுங்கள்.

சில்கிக்கு மேரெக்ஸ் என்ற இன்னொரு எதிரியும் உண்டு. ஒரு கால் முன்னாலும் ஒரு கால் பின்னாலும் நீட்டிக்கொண்டு கோழி படுத்துவிடும். இதற்கான தடுப்பூசியைக் குஞ்சு பொரித்த முதல் நாளே போட வேண்டும். அதனால், வாங்கும்போதே 'மேரெக்ஸ் போட்டாச்சா?' என்று கேளுங்கள்.

மழையும் வெயிலும்

கொக்கி இல்லாத இறகு தண்ணீரைத் தள்ளாது. மழையில் நனைந்த சில்கி, ஊறிய பஞ்சு மூட்டை மாதிரி ஆகிவிடும். உடனே துடைத்துக் காயவைக்காவிட்டால் சளி பிடித்துப் படுத்துவிடும். பறக்கவும் முடியாது. எனவே, உயரமான கம்பு வேண்டாம், தாழ்வான, காய்ந்த தரை போதும்.

எங்கள் பக்கத்து அக்னி நட்சத்திரம் எப்படி என்று சொல்ல வேண்டியதில்லை. நிழல், காற்று, நாளுக்கு மூன்று நான்கு முறை குளிர்ந்த தண்ணீர், கூண்டின் மேல் நனைத்த கோணிச் சாக்கு இவை கட்டாயம். வெள்ளைச் சில்கியை அதிக வெயிலில் விட்டால் இறகு பழுப்பேறும், அழகும் கெடும்.

கண்காட்சிக்கு என்றால் இரண்டு மூன்று நாள் முன்பு மென்மையான ஷாம்பூவில் குளிப்பாட்டி, இரண்டு முறை நல்ல தண்ணீரில் அலசி, துண்டில் ஒற்றி, மிதமான சூட்டில் ஹேர் டிரையர் போடுவார்கள். ஈரம் அடியில் தங்கவே கூடாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சில சில்கிகளுக்குப் பூவின் அடியில் மண்டை ஓடு மேடாக எழும்பி, முழுமையாக மூடாமல் இருக்கும். அந்த இடத்தில் நாட்டுச்சேவல் ஒரு கொத்து கொத்தினாலே உயிருக்கு ஆபத்து. கண்ணை மறைக்கும் பூவினால் கொத்த வருவது தெரியவும் தெரியாது. அழகுக்காக நாம் வளர்த்த குணம் அதற்கு ஆபத்தாகிவிடக் கூடாது. சில்கிகளைத் தனியாகவே வையுங்கள்.

அந்த இரண்டு குஞ்சுகள்

இரண்டாவது ஈட்டில் எட்டுக் குஞ்சு. இந்த முறை சொட்டு மருந்து, ஊசி எல்லாம் நாள் தவறாமல் நடந்தது. எட்டும் பிழைத்தன. இரண்டரை மாதம் ஆனபோது வாணியம்பாடியிலிருந்து ஒருவர் போன் செய்தார். எட்டையும் மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன், நேரில் வரவில்லை, போட்டோ மட்டும் போதும் என்றார். சொன்ன தொகை, பெரியம்மா இதுவரை கோழிக்குச் செலவழித்த மொத்தப் பணத்தையும் திருப்பிக் கொடுத்துவிடும்.

ஆனால், அந்த எட்டில் ஒன்றுக்கு இரண்டு காலிலும் நாலே விரல். இன்னொன்றுக்கு ஒரு காலில் ஐந்து, ஒரு காலில் நாலு. கால் பஞ்சுக்குள் மறைந்திருந்ததால் போட்டோவில் தெரியாது. பெரியம்மா ராத்திரி முழுக்க யோசித்தார். "அவரு கேக்கவே இல்லியே, நாமளா ஏன் சொல்லணும்?" என்றும் ஒருமுறை சொன்னார். பெரியப்பா பதில் பேசவில்லை. பழைய அட்டைப் பெட்டி இன்னும் பரண் மேல்தான் கிடக்கிறது.

காலையில் பெரியம்மா கோழிகளை ஒவ்வொன்றாகப் பிடித்து, கால் பஞ்சை ஒதுக்கி, விரல் தெரியும்படி எட்டுக்கும் போட்டோ எடுத்து அனுப்பினார். கூடவே வாய்ஸ் மெசேஜ். "தம்பி, இதுல ரெண்டுக்கு விரல் சரியில்ல. ஆணா பொண்ணான்னும் இப்போ சொல்ல முடியாது. நேர்ல வந்து கையில புடிச்சிப் பாத்துட்டு எடுத்துக்கினு போங்க."

ஞாயிற்றுக்கிழமை அவரே பைக்கில் வந்தார். ஆறை எடுத்துக்கொண்டார். அடுத்த ஈட்டுக்கும் சொல்லிவைத்துவிட்டுப் போனார்.

மீதி இரண்டும் மாடியில்தான் இருக்கின்றன. இனத்துக்கு வைக்கப் போவதில்லை என்று பெரியம்மா நோட்டில் எழுதிவிட்டார். பேத்தி அவற்றுக்கு வைத்திருக்கும் பெயர்கள்: எட்டு, ஒம்பது. ஏன் என்று கேட்டேன். "கால் விரலை எண்ணிப் பாரு மாமா!" என்றாள்.